நடைபாதையும் விளம்பரப் பலகையும்



மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி மார்க்கெட்டுக்கு நடப்பவர், நடைபாதையில் கொஞ்ச தூரமும் ரோட்டில் மீதி தூரமும் நடக்கிறார். நடைபாதையில் எது இருக்கலாம், தலைக்கு மேலே எது நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது யார்? நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது.

1888-ம் ஆண்டு மாநகராட்சிச் சட்டமே இந்நகரத்துக்கு இன்றும் அடிப்படை. அதில் இரண்டு பிரிவுகளை நினைவில் வையுங்கள்.

பிரிவு 314: தெருவிலும் நடைபாதையிலும் உள்ள ஆக்கிரமிப்பை முன்னறிவிப்பின்றியே அகற்றக் கமிஷனருக்கு அதிகாரம் உண்டு.

பிரிவு 328: வானத்தை மறைத்து நிற்கும் விளம்பரப் பலகைக்குக் கமிஷனரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

முதல் பிரிவின் வரலாற்றில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். சேலத்தில் நிலமில்லாத கூலியாளாக இருந்தவர். வறட்சியால் 1961-ல் பம்பாய் வந்தார். நடைபாதையில் பிளாஸ்டிக் கூரை போட்ட இடத்துக்கு ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான். 1981 ஜூலை 23-ல் மாநகராட்சி அந்தக் குடிசையைப் பிரித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றியது. மனைவி மக்கள் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில்தான் ஒதுங்கினார். சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுவது இதுதான்.

1985 ஜூலை 10-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் தீர்ப்பளித்தார்கள். பிழைப்பு நடத்தும் உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும். என்றாலும் நடைபாதை நடப்பவருக்கே உரியது. அங்கே குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை. பிரிவு 314 செல்லும். ஆனால் சாதாரணமாக முன்னறிவிப்பு தந்தே அகற்ற வேண்டும். மழைக்காலம் கழியட்டும் என்று அக்டோபர் 31 வரை தவணையும் தந்தார்கள்.

இனி இரண்டாம் பிரிவு. திருச்செம்பூர் முருகன் கோயிலுக்குப் போகும் நமக்குச் சேடா நகர் பழகிய இடம். 2024 மே 13 அன்று புழுதிக் காற்றில், அங்கே ஒரு பெட்ரோல் பங்க் மீது ராட்சதப் பலகை சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள். நிலம் ரயில்வே போலீஸ் வசமிருந்தது. (இது மாநில அரசின் போலீஸ், நான் வேலை பார்த்த ரயில்வே அல்ல.) மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40-க்கு 40 அடி. விழுந்ததோ 120-க்கு 120.

"மூன்று மடங்குதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்கைப் பாருங்கள். பம்பாயில் கட்டுமானங்களுக்கு எடுத்துக்கொள்ளும் காற்றின் வேகம் விநாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு 158 கிலோமீட்டர். அப்போது ஒரு சதுர மீட்டரில் சுமார் 118 கிலோ அழுத்தம் விழும். 40 அடிப் பலகைக்கு மொத்தம் பதினேழரை டன். 120 அடிப் பலகைக்குப் பரப்பு ஒன்பது மடங்கு. எனவே சுமார் 158 டன். உயரமும் மூன்று மடங்கானால், அடியோடு கவிழ்க்கும் விசை 27 மடங்கு. அஸ்திவாரம் போதாது என்றே நம் மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ. நிபுணர்களும் கண்டார்கள்.

2025-ல் மாநகராட்சி புதிய விதிகள் கொண்டுவந்தது. நடைபாதையிலும் மொட்டைமாடியிலும் புதுப் பலகை கூடாது. மின்னணுப் பலகையின் ஒளிர்வு விகிதம் 3:1-ஐத் தாண்டக் கூடாது. மினுக்கி மினுக்கி எரியும் விளம்பரமும் கூடாது. சிக்னலுக்குப் பக்கத்தில் வேறு வண்ண விளக்கு எரிந்தால் டிரைவர் குழம்புவார் என்பது ரயில்வேயில் பாலபாடம். கூசிய கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமாகும். அதற்குள் ரோட்டைக் கடக்கும் பாட்டி வண்டிக்காரர் கண்ணில் படமாட்டாள்.

குடிசையைப் பிரிக்க ஒரு நாள் போதுமாயிருந்தது. 120 அடிப் பலகையை இறக்கக் காற்றுதான் வர வேண்டியிருந்தது. இரண்டுக்கும் சட்டம் ஒன்றே. கேட்பவர் இருந்தால்தான் அது எல்லோர் மீதும் ஒன்றுபோல் பாயும்.

ஆகவே உங்கள் தெருப் பலகைக்கு அனுமதி உண்டா என்று எழுதிக் கேளுங்கள். மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, தாராவிக்கு ஜி வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு வார்டு அலுவலகம். 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி கட்டணம் பத்து ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். மராத்தியில் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பேரன் எழுதித் தருவான். அவனுக்கும் இது ஒரு பாடமாகட்டும்.