கல்லெடுக்க வருகிறவரின் குளிசைப் பை

எம்பிலிப்பிட்டியவில் வார்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும், லயத்தில் பிறந்து தாதியாகி ஓய்வுபெற்ற அக்கா எழுதுவது.

உடவளவ வெயிலில் வயலிலும் கரும்பிலும் நிற்கிறவர்களுக்கும், ரக்வானைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கும் கல்லடைப்பு புதிதல்ல. வேர்வையாய்ப் போகிற தண்ணீரைத் திரும்பக் குடிக்காவிட்டால் சிறுநீர் தடித்துக் கல் கட்டும். முன்பு வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். 1976இல் சுவீடனில் முதுகில் சிறு துளை போட்டுக் கல்லெடுத்ததை எழுதினார்கள். 1980 பெப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசி அதிர்வலையால் வெளியிலிருந்தே உடைத்தார். இன்று சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கெமராவை விட்டு லேசரால் பொடியாக்குகிறார்கள். காயம் சின்னது என்பதற்காக ஆயத்தமும் சின்னது என்று நினைக்காதீர்கள்.

1. பையைக் கொட்டச் சொல்லுங்கள். "என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டால் "பிரஷர் குளிசை" என்பதோடு பதில் முடிந்துவிடும். நான் வேறொரு ஊரில் வேலை செய்த காலத்தில், கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் மறுநாள் தியேட்டருக்குப் போக இருந்தார். இடுப்பில் செருகியிருந்த துணிப்பையை மாலையில்தான் அவிழ்த்தார். உள்ளே கசங்கிய மூன்று கவர்கள். ஒன்றில் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல். அன்று காலையிலும் விழுங்கியிருக்கிறார். நிறுத்தும்படி கிளினிக்கில் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். "அவுங்க சொன்னாங்க மிஸ்ஸி, நான் தலையாட்டிட்டேன்" என்றார். சத்திரசிகிச்சை தள்ளிப்போனது. விடிந்ததும் அந்த வலியோடேயே பஸ் ஏறினார். அவருடைய மொழி தெரிந்த நான் அதே வார்டில்தான் இருந்தேன். முதல் நாளே பையைக் கேட்காதது என் பிழை.

2. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கண்டால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். வார்ஃபரினை வழக்கமாக 5 நாள் முன்பு நிறுத்தி இரத்தம் சோதிப்பார்கள். குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்பு. கெமரா வழிச் சிகிச்சைக்குக் குறைந்த அளவு அஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர விடுவார்கள். முதுகில் துளையிடுவதற்கும் அதிர்வலைக்கும் கணக்கு வேறு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இதய வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. கண்டுபிடித்துச் சொல்வது நம் வேலை, நிறுத்துவது வைத்தியரின் வேலை.

3. சிறுநீர் கல்ச்சர் முடிவு கொப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். கிருமி இருந்தால், அதற்குக் கேட்கும் அன்டிபயோடிக்கை முன்கூட்டியே கொடுத்து முடிக்க வேண்டும். கிருமி இல்லாதவருக்குத் தொடங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் ஓர் ஊசி பெரும்பாலும் போதும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்று நீங்களும் ஒருதரம் கேளுங்கள். அடைப்போடு காய்ச்சலும் குளிரும் வந்தால் கல்லைத் தொடவே மாட்டார்கள், முதலில் சிறுநீரை வடிய விடுவார்கள். அந்த நடுக்கத்தைக் கண்டால் ரவுண்டு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

4. டம்சுலோசினை விளக்கிக் கொடுங்கள். புரோஸ்டேட்டுக்கென வந்த மருந்து இது. சிறுநீர்க் குழாயின் தசையையும் தளர்த்துவதால் கெமரா சிரமமில்லாமல் ஏறும். அதனால் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே தொடங்கும் வைத்தியர்கள் உண்டு. 0.4 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, கடிக்காமல் விழுங்க வேண்டும். "இது ஆம்பிளைங்க மருந்தாமே" என்று பெண்கள் பயந்து ஒதுக்கி வைப்பார்கள். எழும்பும்போது தலை சுற்றும். இரவில் லயத்துப் படியிறங்கி வெளியே போகிறவர் முதலில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழும்பட்டும். இளைஞருக்கு விந்து வெளிவராமல் போகலாம். குளிசையை விட்டால் அது சரியாகும். வெட்கப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பேசாமல் எறிந்துவிடுவார்கள். கண்ணில் வெண்புரை எடுக்கப் போகிறவர் கண் வைத்தியரிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

5. சீனி வருத்தம், பிரஷர். மெட்ஃபோர்மினைப் பட்டினி இருக்கும் அன்று காலை கொடுப்பதில்லை. எம்பாக்ளிஃப்ளோசின் வகையை 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். அட்டெனொலோலைத் திடீரென்று விடக் கூடாது, ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். லோசார்டன், இன்சுலின் பற்றி மயக்க மருந்து வைத்தியரைக் கேளுங்கள்.

6. பொல்பலா மூலிகைக் கஷாயம் குடித்தீர்களா என்று கேளுங்கள், திட்டாதீர்கள். திட்டினால் அடுத்ததை மறைப்பார்கள். கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கையும் கேளுங்கள். வலிக்கு நல்ல மருந்துதான், ஆனால் கணக்கில்லாமல் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக் கசிவையும் கூட்டும்.

7. பெட்டியில் கம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் சொந்தப் பெயரைப் படியுங்கள். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்தியதும் இதைத்தான். ஒரே மருந்து இரண்டு பெயரில் ஒரே பைக்குள் கிடந்து, இரண்டையும் விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

8. கவரில் தமிழில் எழுதுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குக் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரையுங்கள், நிறுத்த வேண்டிய கவரில் பெரிய பெருக்கல் குறி போடுங்கள். தலையாட்டலை ஏற்காதீர்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லட்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில், நிறுத்திய குளிசையை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று வைத்தியரிடம் கேட்டு, அந்தப் பெருக்கல் குறிக்குக் கீழேயே எழுதிக் கொடுங்கள்.