சாலையே அலுவலகம் என்பவர்களுக்கு ஒரு கூலிங் கிளாஸ்

மெடிக்கல் ரெப், ஏரியா மேனேஜர், கால் டாக்ஸி ஓட்டுநர், சைட்டுக்குச் சைட் அலையும் இன்ஜினியர் எல்லோருக்கும் கண்ணாடி ஒரு வேலைக் கருவி. ஆனால் பவர் உள்ளவர்களில் பலர் வெயிலில் கண்ணைச் சுருக்கியபடியே வண்டி ஓட்டுகிறார்கள். சிலர் பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பவர் இல்லாத கூலிங் கிளாஸை மாட்டிக்கொள்கிறார்கள். கிட்டப்பார்வை உள்ளவர் அப்படிச் செய்தால் குறுக்கே வருகிற ஆள்கூட மங்கலாகத்தான் தெரிவார். தயவுசெய்து வேண்டாம். பவர் போட்ட கூலிங் கிளாஸ் ஒன்று செய்துகொள்ளுங்கள்.

கிரேடியன்ட் லென்ஸ் மேலே அடர்த்தியாக இருக்கும், கீழே போகப் போக வெளிறும். சூடான சாயத்தில் லென்ஸின் மேற்பகுதியை முக்கி, மெல்ல மெல்ல வெளியே எடுத்து இந்தப் படிப்படியான நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். கார் ஓட்டுகிறவருக்கு இது மிகப் பொருத்தம். அடர்ந்த மேல்பாதி வானத்து வெளிச்சத்தை அடக்கும். வெளிறிய கீழ்ப்பாதி வழியாக ஸ்பீடோமீட்டர் தெளிவாகத் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றாமலே பில்லையும் சலானையும் படிக்கலாம். 40 வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்கு இன்னும் வசதி. பைஃபோக்கல், பிராக்ரஸிவ் லென்ஸ்களில் படிக்கும் பவர் இருப்பதும் கீழேதான்.

இருசக்கர வாகனத்தில் நாள் முழுக்கச் சுற்றுகிறவருக்கு நான் கிரேடியன்ட்டைச் சொல்ல மாட்டேன். தார்ச்சாலையிலும் ஈரத்தரையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி கீழிருந்து வருகிறது. லென்ஸின் கீழ்ப்பாதியோ வெளிறிக் கிடக்கிறது. அவர்களுக்கு ஒரே சீரான டின்ட் நல்லது, போலரைஸ்டு என்றால் இன்னும் நல்லது. போலரைஸ்டு போட்டால் சில செல்போன், டேஷ்போர்டு திரைகள் சில கோணங்களில் கறுத்துத் தெரியும். வாங்கும் முன் உங்கள் போனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு அடர்த்தி வேண்டும்? கடைக்காரர் சொல்லும் 80 சதவீத டின்ட் என்றால் 20 சதவீத ஒளி உள்ளே வருகிறது என்று பொருள். சர்வதேசத் தரத்தில் கூலிங் கிளாஸுக்கு 0 முதல் 4 வரை வகைகள் உண்டு. 18 முதல் 43 சதவீதம் ஒளியை விடுவது வகை 2. 8 முதல் 18 வரை வகை 3. வகை 4 வண்டி ஓட்ட ஆகாது. கிரேடியன்ட்டில் லென்ஸின் மேல் விளிம்பு எத்தனை சதவீதம் என்பதைவிட, உங்கள் கருவிழிக்கு நேரே எத்தனை என்பதுதான் முக்கியம். ஃபிரேமை மாட்டிக்கொண்டு நேராகப் பாருங்கள். கருவிழி நிற்கும் இடத்தை லென்ஸில் மார்க்கரால் குறிக்கச் சொல்லுங்கள். நிறம் எந்த உயரத்தில் வெளிறத் தொடங்க வேண்டும் என்பதை அந்தப் புள்ளியை வைத்து முடிவு செய்யுங்கள். உயரம் குறைந்த ஃபிரேமில் நிறம் இறங்க இடமே இருக்காது. முகத்தைச் சுற்றி வளையும் ஃபிரேமில் அதிகப் பவர் போட்டால் ஓரங்களில் பார்வை வளைந்து தெரியலாம்.

நிறத்தில் சாம்பல், பழுப்பு இரண்டும் போதும். சாம்பலில் சிக்னல் நிறம் மாறாது, பழுப்பில் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். நீலமும் ரோஜாவும் சாலைக்கு வேண்டாம். புற ஊதாத் தடுப்புக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. யூவி 400 இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அது இல்லாத கறுப்பு லென்ஸ் கருவிழிப் பாவையை விரியவைத்து, கூடுதல் புற ஊதாக் கதிரை உள்ளே விடும். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸை நம்பிக் கார் ஓட்டாதீர்கள். அதைக் கறுக்கவைக்கும் புற ஊதாக் கதிரைக் காரின் முன் கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

மாலை ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால் சூரியன் நேர் எதிரே நிற்கும். கிரேடியன்ட் நன்றாக உழைக்கும் நேரம் அது. இருட்டத் தொடங்கியதும் சாதாரணப் பவர் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். அதை எப்போதும் வண்டியிலேயே வைத்திருங்கள், ஆனால் டேஷ்போர்டு மேல் வேண்டாம். சூட்டில் கோட்டிங் வெடித்துவிடும்.

டின்ட் போட்டதும் ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங்குக்கு முன்பே லென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்கு வெளியே வெயிலில் நின்று, இரண்டு லென்ஸிலும் நிறம் ஒரே உயரத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் அந்தக் கட்டத்தில் நிறத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கோட்டிங் ஏறிவிட்டால் புது லென்ஸ்தான் போட வேண்டும்.