பாரதக் கூத்து விழாவின் நிரலமைப்பு: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் திரௌபதியம்மன் கோயில்களை முன்வைத்து

முன்னுரை

தெருக்கூத்து பற்றிய ஆய்வுகள் பெரிதும் பனுவல், ஒப்பனை, இசை, சடங்கு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. ஆல்ப் ஹில்டபைட்டல் (1988, 1991) செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்தார். ரிச்சர்டு பிராஸ்கா (1990) கூத்தின் நிகழ்த்துமுறையை விரித்துரைத்தார். கூத்தின் நெகிழ்வுத் தன்மையை முன்னிறுத்திய ஹன்னே டி புருயினின் நூல் (1999) இக்கட்டுரையின் வினாவுக்கு மிக அருகில் வருகிறது. எந்த இரவில் எந்தக் கூத்து, எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதே அவ்வினா. ஊரார் ஆண்டுதோறும் விடைகாணும் இவ்வினா ஆய்வுலகில் சடங்கு விளக்கத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. விழா நிரலும் ஒரு பனுவலே என்றும், அதில் அசையும் இரவுகளும் அசையா இரவுகளும் உண்டு என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

பின்னிருந்து எண்ணுதல்

காணை, விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில் விழா பெரும்பாலும் பங்குனிக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்கிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை இவ்வழிபாட்டின் தாய்க்கோயிலாகக் கருதும் மரபும் இங்கு உண்டு. அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருப்பது இக்காலத் தேர்வுக்கு முதற்காரணம். படுகளத்துக்கு அகன்ற வெளி வேண்டும். துரியோதனனின் மண்ணுருவைக் கிடத்த மண் வேண்டும். தீமிதிக்குக் குழி வேண்டும். இவை மூன்றும் பயிர் நிற்கும் காலத்தில் கிடைப்பதில்லை.

நிரல் தொடக்க நாளிலிருந்து வகுக்கப்படுவதாகத் தோன்றினும், உண்மையில் அது தீமிதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. தீமிதி நாள் முடிவானதும் படுகள விடியலும், அதற்கு முந்தைய பதினெட்டாம் போர்க் கூத்தும் தாமே இடம்பெற்றுவிடுகின்றன. எஞ்சியவை அதற்கு முன் அடுக்கப்படுகின்றன. பகலில் பிரசங்கியார் பாரதம் படித்துப் பொருள் சொல்கிறார், இரவில் கூத்து. விழாவின் முற்பகுதி பிரசங்கத்துக்கு மட்டும் உரியதாக இருப்பதும், கூத்து பிற்பகுதியில் வந்து சேர்வதும் பரவலான வழக்கம்.

பிரசங்கத்தின் அடிப்படை நூலான வில்லிபாரதம் பத்துப் பருவங்களோடு, சௌப்திக பருவத்தில் முடிகிறது. விழாவின் உச்சமும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே நிற்கிறது. அதன்பின் வரும் தருமர் பட்டாபிடேகம் வில்லியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நூல் நின்ற இடத்துக்கு அப்பால் ஊர் தன் விழாவை நடத்திச்செல்கிறது. நிரலை நூலின் நிழலாகக் காண்போர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

அசையும் இரவும் அசையா இரவும்

துகிலுரிதலில் திரௌபதியின் கூந்தல் அவிழ்கிறது, படுகளத்தில் முடிக்கப்படுகிறது. இடையில் எத்தனை இரவுகள் இருப்பினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. துகிலுரிதலை விட்டுப் பதினெட்டாம் போரை மட்டும் வைக்கும் நிரலில், முடிக்கப்படும் கூந்தலுக்குக் காரணம் மேடையில் நிகழாது போகிறது. பிரசங்கம் அதனை ஓரளவு ஈடுசெய்யும். எனினும் செவிவழிக் கேட்டதும் களத்தில் கண்டதும் ஒன்றாகா. பதினெட்டாம் போரும் அவ்வாறே தனியே பிரிக்க இயலாதது. விடியவிடிய ஆடிய கலைஞரே வேடம் களையாது படுகளத்தில் துரியோதனனாக நிற்கிறார். ஆட்டமும் சடங்கும் ஓருடலில் தொடர்கின்றன.

அர்ச்சுனன் தபசு பிறிதொரு வகையில் அசையாதது. தபசு மரம் நடப்படுவதும், வேடம் தாங்கியவர் பாடியவாறே அதில் ஏறுவதும், மேலிருந்து எறியப்படும் எலுமிச்சையைப் பிள்ளைப்பேறு வேண்டுவோர் ஏந்துவதும் கதைப்போக்கைச் சாராத வேண்டுதல்கள். கதை நோக்கில் இதனை நீக்கலாம். ஊர் நோக்கில் நீக்க இயலாது. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் நாளைக் கேட்டு வந்து நிற்பர்.

சுபத்திரை திருமணம், இராசசூய யாகம், குறவஞ்சி, கீசகன் வதை ஆகியவை ஒப்பளவில் அசைபவை. ஓர் ஊரில் இடம்பெறுவது மற்றோர் ஊரில் விடப்படும். ஜமாவில் எந்த வேடத்துக்கு வலுவான ஆள் இருக்கிறார், அவ்விரவின் உபயதாரர் எதனை விரும்புகிறார் என்பன இங்கே முடிவு செய்யும் காரணிகள். கர்ண மோட்சத்தின் நிலை இவற்றினின்றும் வேறானது. அது பாரத விழாவுக்கு வெளியேயும், கருமாதிச் சடங்கை ஒட்டி, தனித்து ஆடப்படுகிறது. தனித்து நிற்கும் வலிமை இருப்பதால் அதனை நிரலில் எளிதில் விடலாம் எனக் கருதுதல் தவறு. ஊரார் மிகுதியாகக் கேட்டுப் பெறும் கூத்து அதுவே.

சுருக்கமும் அதன் விதிகளும்

ஒரு பருவத்தில் பல ஊர்களின் விழாக்கள் நெருங்கி வருவதால், தாம்பூலம் மாற்றி ஜமாவை உறுதிசெய்வது நாள் குறிப்பதோடு பிணைந்துள்ளது. செலவும் கூடிவிட்டது. இவற்றோடு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சேர்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக்காலங்களில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம், அதுவும் ஆண்டுக்குப் 15 நாட்களுக்கு மேற்படாமல். கூத்து களைகட்டும் நேரமே விதி தடுக்கும் நேரமாக இருக்கிறது.

இந்நெருக்கடியில் இரவுகளைக் குறைப்பதா, ஒவ்வோர் இரவையும் குறைப்பதா என்னும் தேர்வு எழுகிறது. நகர மேடைக்காகக் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியபோது இரண்டாம் வழியே பின்பற்றப்பட்டது. அங்கு முதலில் வெட்டுப்படுவது திரைப் பிரவேசம். கட்டியங்காரன் கேட்க, அரசன் திரைக்குப் பின்னிருந்தே தன்னை அறிவித்து வெளிப்படும் அந்நெடிய பகுதியில்தான் வேடம் தெய்வத்தன்மை பெறுவதாகக் கிராமத்து அவை கொள்கிறது. ஆதலின் கோயில் களரிக்கு முதல் வழியே பொருந்தும். ஐந்து இரவுகளே இயலும் எனின் துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என அமையும் நிரல் பிணைப்புகளைக் காக்கும். தூதின் இடத்தில் அரவான் களப்பலியை வைக்கும் ஊர்களின் தேர்வையும் குறைகூற இயலாது. பலி நிகழாமல் போர் தொடங்குவதில்லை.

ஈழத்து ஒப்பீடு

சுருக்கம் பற்றிய இவ்வினாவை ஈழம் முன்னரே எதிர்கொண்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகியவற்றைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து குறுகிய நேரத்துக்குள் அடங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையானது. ஆயினும் மட்டக்களப்புக் கிராமங்களின் நிலை விழுப்புரத்தினின்றும் அடிப்படையில் வேறு. அங்கு ஊரவரே அண்ணாவியாரிடம் சட்டம் பெற்றுப் பல மாதம் பழகி, ஒரு கூத்தை அரங்கேற்றுகின்றனர். அவர்களது திட்டமிடல் பயிற்சிக் காலத்தைப் பற்றியது. விழுப்புர ஊர்கள் ஜமாவை அழைத்துப் பல கூத்துகளை நாட்களில் அடுக்குகின்றன. எனவே இங்குத் திட்டமிடல் வரிசையைப் பற்றியது. ஈழத்துச் சுருக்க முறையை அப்படியே இங்குப் பொருத்த முனைவோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

அவையினர் யார்

நிரல் வகுப்போர் பெரும்பாலும் கோயில் உரிமை உடையோர். அவைக்கு வருவோர் அனைவரும் அவ்வுரிமை உடையோர் அல்லர். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியலினத்தவர் கோயிலுள் நுழைவது பற்றிய மோதலையடுத்து, தருமராசா திரௌபதியம்மன் கோயில் 2023 சூனில் வருவாய்த்துறையினரால் பூட்டி முத்திரையிடப்பட்டது. 2025 ஏப்ரலில் பட்டியலினத்தவர் அதனுள் சென்று வழிபட்டனர். இடைப்பட்ட காலம் முழுவதும் சிக்கல் கருவறை வாயிலில் நின்றதாகவே பேசப்பட்டது. ஆனால் பாரதக் கூத்தின் களம் கோயிலுக்கு வெளியே, திறந்த வெளியில் உள்ளது. அவ்வெளியில் யார் எங்கு அமர்கின்றனர், எந்தத் தெருவினர் எந்த இரவின் உபயத்தை ஏற்க இடமுண்டு என்பதை நிரலே தீர்மானிக்கிறது. ஊர்தோறும் உபயப் பட்டியல்களைத் திரட்டி, அவற்றைக் கூத்துப் பனுவல்களுக்கு நிகரான சான்றாக வைத்துப் படிக்கும் பணி இன்னும் தொடங்கப்பட வேண்டியதாகவே உள்ளது.