சரியாக ஆயிரம் வந்தால் சந்தேகப்படுங்கள்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பி.காம்., பி.சி.ஏ. முடித்து அலுவலக வேலைக்குச் சேருகிறவர்களின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் எக்ஸல்தான். 'அந்த லிஸ்டை இறக்கிக் கொடுங்க' என்பார்கள். இறக்குவது எளிது. வந்தது முழுப் பட்டியல்தானா என்று உறுதியாகச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அலுவலகத்தில் மதிப்பு.

ஊழியர் விவரங்களை நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து மேக்ரோ எழுதி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,000 வரிசையோடு நின்றுவிடுகிறது, எரர் மெசேஜும் வரவில்லை. ஒரு கேள்விக்கு 1,000 பதிவுகளுக்கு மேல் தராதபடி மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் வரம்பு அது. ஐ.டி. பிரிவில் போய் வரம்பை உயர்த்தச் சொல்லாதீர்கள். சர்வருக்கு அது வீண் சுமை. பக்கம் பக்கமாகக் கேட்பதுதான் முறை: மேக்ரோவில் 'பேஜ் சைஸ்' மதிப்பை 1,000 என்று கொடுத்தால் மீதிப் பக்கங்களும் தொடர்ந்து வரும். ஒரு குரூப்பின் உறுப்பினர் பட்டியல் 1,500-ல் நின்றால் அது வேறொரு வரம்பு. அங்கே பேஜ் சைஸ் உதவாது, துண்டு துண்டாகத்தான் கேட்க வேண்டும்.

அரசுத் தரவிலும் இதே கதைதான். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் அஞ்சல் துறையின் பின்கோடு பட்டியல் இருக்கிறது. அங்கே காட்டியிருக்கும் மாதிரி ஏபிஐ கீயைப் போட்டால் ஒரு தடவைக்குப் 10 பதிவுகள்தான் வரும். பதிவு செய்து சொந்தக் கீ வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் விழுப்புரம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய தொல்லை வடிகட்டுவது. திண்டிவனம் 604001. அதற்காக 604-ஐ எல்லாம் எடுத்தால் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறும் (604407) வந்தவாசியும் (604408) சேர்ந்து வந்துவிடும். விழுப்புரம் 605602 என்று 605-ஐ எடுத்தாலோ புதுச்சேரியே (605001) உள்ளே வந்துவிடும். சரி, மாவட்டப் பெயரால் வடிகட்டலாம் என்றால், விழுப்புரத்துக்கு ஆங்கிலத்தில் ரயில்வே இரண்டு 'எல்', ஒரு 'பி' போடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு 'எல்', இரண்டு 'பி' போட்டது. ஒன்றை மட்டும் தேடினால் மற்றது விடுபடும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய பட்டியல்களில் அந்த மாவட்டத்து ஊர்களும் விழுப்புரத்தின் கீழேதான் இருக்கும்.

தொலைபேசி எண்ணையும் கவனியுங்கள். 04146, 04147 போன்ற எஸ்.டி.டி. கோடுகள் எக்ஸலில் முதல் பூஜ்யத்தை இழந்துவிடும். எடுக்கும்போதே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் ஏற்றியது. அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. 15,841 நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனது. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கையும் தாமதமாகத்தான் போனது.

ஆகவே இறக்குவதற்கு முன்பே, வர வேண்டிய மொத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். விழுப்புரம் மாவட்டத்து ஊராட்சிப் பட்டியல் என்றால் 13 ஒன்றியம், 688 ஊராட்சி இருக்க வேண்டும். கோப்பை அனுப்பும்போது வந்த எண்ணிக்கை, எடுத்த தேதி, போட்ட வடிகட்டி மூன்றையும் முதல் ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள்.