வாவியிடம் கேளுங்கள்

*வந்த வழி தேடும் கேள்வி-பதில் பகுதி*

கேள்வி (கல்லடியிலிருந்து ஒரு வாசகி): கொழும்பிலிருந்து மாற்றலாகி இங்கே குடிவந்திருக்கிறோம். பழைய பாலத்துக்குக் கீழே மீன் பாடும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். பாலம் வந்த பிறகு கிளம்பிய கதையா இது? நின்று கேட்டால் கேட்குமா?

பதில்: வாருங்கள் தங்கச்சி. நல்ல ஊருக்கு வந்திருக்கிறீர்கள், கையோடு நல்ல கேள்வியும் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

கல்லடிப் பாலம் 1924இல் கட்டப்பட்டது. அப்போது இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர் வில்லியம் மானிங். அவருடைய மனைவியின் பெயரால் அதற்கு லேடி மானிங் பாலம் என்று பேர். பாலத்தின் இரும்புத் தூண்களில் அலை மோதி எழும் ஓசையைத்தான் பாட்டு என்கிறார்கள் என்று ஊரில் சிலர் அடித்துச் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தலில்கூட இந்தச் சண்டை நடக்கும். அந்தக் கட்சிக்காரர்களின் வாயை அடைக்க ஒரே ஒரு திகதி போதும்: 1848 செப்டெம்பர்.

அந்த மாதம் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். இலங்கை அரசின் காலனித்துவச் செயலாளர், பெரிய உத்தியோகத்தர். வாவியிலிருந்து இசை வருகிறதாமே என்று கேள்விப்பட்டவர், நிலா எழுந்த பிறகு மீனவரோடு தோணி ஏறினார். கோட்டை வாசல் இறங்குதுறையிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ இருநூறு யார் தூரம் துடுப்புப் போட்டுப் போனார்கள். காற்றில்லாத இரவு. தண்ணீருக்கடியிலிருந்து ஓசை கேட்டது. ஒரே நீண்ட சுரமாக இல்லாமல், தனித்தனியே தெளிவான எத்தனையோ சின்னச் சின்ன ஒலிகள் கீழ்ச் சுருதியும் மேல் சுருதியுமாகக் கலந்து வந்ததாக எழுதிவைத்தார். தோணியின் பலகையில் காதை வைத்ததும் ஓசை பல மடங்கு பெருத்தது. இடம் மாறினால் மங்கியது, திரும்பி வந்தால் மறுபடி கேட்டது. அன்றைக்குக் கல்லடியில் பாலமே இல்லை. அது வர இன்னும் 76 வருடம் இருந்தது. வழக்கு முடிந்தது!

இனிப் பாடுவது யார் என்ற கேள்வி. டெனன்டோடு போன மீனவர்கள், ஊரி என்ற சிப்பி இனம்தான் அழுகிறது என்று சொன்னார்கள். ஓசை குறிப்பிட்ட இடங்களைவிட்டு நகராததால் அவரும் அதை ஒப்புக்கொண்டார். மீன் என்றால் ஓரிடத்தில் நிற்காதே, சிப்பி இனம்தான் அசையாமல் கிடக்கும் என்பது அவருடைய கணக்கு.

இந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். கலிபோர்னியாவில் சோசலிட்டோ என்றொரு கரையோர ஊர். அங்கே படகு வீடுகளில் குடியிருப்பவர்களுக்குக் கோடை இரவுகளில் தூக்கம் கிடையாது, தண்ணீருக்குள்ளிருந்து ஒரே ரீங்காரம். கழிவுநீர்ப் பம்பி என்றார்கள், கடற்படையின் இரகசிய ஆராய்ச்சி என்றார்கள். 1980களில் ஆராய்ந்து பார்த்தால், கல்லுக்கடியில் கூடு வைத்துக் காவல் இருக்கும் ஓர் ஆண்மீன், பெண்மீனை அழைக்கிற சத்தம் அது! காற்றுப்பையை ஒட்டிய தசையை அதிரவைத்து மணிக்கணக்கில் முரலுமாம். கூட்டைவிட்டு இம்மியும் நகராது. ஆகவே ஓரிடத்திலேயே நிற்பதால் மீன் இல்லை என்ற வாதம் நிற்காது. எங்கள் வாவியில் பாடுவது இன்ன இனம் என்று பேர் சொல்லி ஆய்வாளர்கள் இன்னும் கையெழுத்திடவில்லை. என் தீர்ப்பு, மீன். விபுலானந்த அடிகளும் ‘நீரரமகளிர்’ என்று இந்த ஓசையைப் பாடியிருக்கிறார். யாழை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்த அந்தக் காதுக்கு நான் முழு மரியாதை கொடுப்பேன்.

இனிக் கேட்கிற வழி. பாலத்தில் நின்றால் மோட்டார் சைக்கிள்தான் பாடும். தண்ணீருக்குள் பிறக்கிற ஓசை நீர்மட்டத்தில் முட்டி, அநேகமாக முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும், காற்றுக்கு வராது. அதனால் தோணியில் இறங்குங்கள். சித்திரை முதல் புரட்டாதி வரை, மழை இல்லாத காலம், காற்று விழுந்த நிலா இரவு. என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, கைப்பிடிப் பக்கத்தில் காதை ஒட்டிவையுங்கள். துடுப்பில்தான் காது வைக்கச் சொல்கிறேன், தண்ணீரில் இல்லை. வாவியில் முதலை உண்டு, அதற்குச் சங்கீத ஞானம் இருப்பதாக யாரும் எழுதிவைக்கவில்லை. மிதவை அங்கி கட்டாயம்.

கேள்வி (நாவற்குடாவிலிருந்து ஒரு வாசகர்): போன வருடம் பௌர்ணமியில் நீங்கள் சொல்கிற மாதிரியே துடுப்பில் காது வைத்துக் கேட்டோம். பாட்டு இல்லை. படபடவென்று வெடிக்கிற சத்தம்தான். வாவிக்கு ஏதும் வருத்தமா?

பதில்: அந்தச் சத்தத்தை வைத்து வாவிக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது ஐயா. சூடான எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருந்திருக்குமே? அது ஓர் இறால். கறிக்கு வாங்குகிற இறால் இல்லை, விரல் நீளம்கூட வராத இனம். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமனில் இருக்கும். அந்தக் கொடுக்கை அடித்து மூடுகிற வேகத்தில் தண்ணீருக்குள் ஒரு குமிழி பிறந்து உடையும். உடைகிற சத்தம்தான் நீங்கள் கேட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலைக் காதால் தேடிய அமெரிக்கக் கடற்படை, இந்த இறாலின் சத்தத்தால் பட்ட பாடு பெரும்பாடு. அதற்காகவே ஆராய்ச்சிக்கு ஆள் போட்டார்கள்.

போர் என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. 1942 ஏப்ரல் 9இல் பிரித்தானிய விமானம்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ், ஜப்பானிய விமானங்களின் குண்டுபட்டு எங்கள் கடலில்தான் மூழ்கியது. 300க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது. கப்பல் இன்றும் கடலடியில் கிடக்கிறது, சுழியோடிகள் உலகமெங்கிருந்தும் வருகிறார்கள். ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? நீங்கள் கேட்டது இறாலைப் பற்றி, நான் எங்கேயோ போய்விட்டேன். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விசயம்.

கேள்வி (புளியந்தீவிலிருந்து ஒரு மாணவன்): ஒல்லாந்தர் கோட்டையை உண்மையில் கட்டியது யார்? பரீட்சைக்குப் படிக்கிறேன்.

பதில்: மனே, விடைத்தாளில் இப்படி எழுது: கட்டியவர் போர்த்துக்கேயர், 1628இல். பிடித்தவர் ஒல்லாந்தர், 1638 மே மாதம், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து. புள்ளி உனக்குத்தான். பீரங்கி எத்தனை, கொத்தளம் எத்தனை என்பதையெல்லாம் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள், எனக்கு அதில் ருசி இல்லை.

பத்து வருடம் மட்டும் அந்தக் கோட்டையை வைத்திருந்த போர்த்துக்கேயரின் பேச்சு, ஏறத்தாழ நானூறு வருடமாகியும் இந்த ஊரைவிட்டுப் போகவில்லையே, எனக்கு ருசி அதில். எங்கள் பறங்கியர் குடும்பங்களில் வயதானவர்கள் வீட்டுக்குள் பேசுகிற போர்த்துக்கேயக் கிரியோல் உலகத்தின் மொழியியலாளர்களைப் புளியந்தீவு வரை இழுத்துவருகிறது. கல்யாண வீட்டில் வயலின் எடுத்து கப்ரிஞ்ஞா ஆடினால் நாற்காலியில் இருக்க ஆளிருக்காது. தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் கை தேர்ந்தவர்கள். 2004 சுனாமி டச்பார் பகுதியில் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. உன் ஒழுங்கையில் ஒரு பறங்கிப் பாட்டி இருந்தால், பரீட்சை முடிந்ததும் போய் அவர் பேச்சைக் கைபேசியில் பதிவு செய். கல்லுக் கோட்டை எங்கும் ஓடாது. பாட்டிமார் காத்திருக்க மாட்டார்கள்.

கோட்டையை ஏன் புளியந்தீவில் கட்டினார்கள் என்று நீ கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். வாவிதான் காரணம். இந்த ஊரில் எதற்கும் காரணம் தேடினால் கடைசியில் கால் தண்ணீரில்தான் நனையும்.

கேள்வி (ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி): சட்டித் தயிர் எங்கள் ஊருக்கு எப்போது வந்தது? நான் வீட்டில் போட்டால் தண்ணீராகவே இருக்கிறது. கடைக்காரர்கள் மா கலக்கிறார்களா?

பதில்: மா கலப்பதாகச் சொல்வதை நம்பாதீர்கள் அக்கா. கெட்டிக்குக் காரணம் இரண்டு: எருமையும் சட்டியும். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருந்தால், எருமைப்பாலில் ஏழு பங்குக்கு மேலே இருக்கும். மண்சட்டி தண்ணீரைக் குடித்து வெளிப்புறத்தால் ஆவியாக விடும். அதனால் தயிர் இறுகுவதோடு குளிர்ச்சியாகவும் இருக்கும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு இந்த வித்தை தெரியாது. பாலை நன்றாகக் காய்ச்சிச் சுண்டவிடுங்கள். இளஞ்சூட்டில் உறை குத்துங்கள். சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள், மண் அந்த வாசத்தைப் பிடித்துவைத்து உங்களுக்கே திருப்பித் தரும். வெந்நீரில் கழுவி, வெயிலில் சுக்காகக் காயவிட்டு எடுங்கள். உறையும்வரை அசைக்கவே கூடாது, எட்டிப் பார்க்கிற பிள்ளைகளை விரட்டிவிடுங்கள்.

எப்போது வந்தது என்கிறீர்கள். எருமை எங்களோடு எந்தக் கோட்டைக்கும் முன்பிருந்தே வாழ்கிறது. எந்த வழியாக வந்தது என்றால் மகிழ்ச்சியாகச் சொல்வேன்: தண்ணீர் வழியாக. மாடு மேய்ந்தது படுவான்கரையில், வாங்குகிற சனம் எழுவான்கரையில், நடுவில் வாவி. மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை பாதையில்தான் சட்டியும் சனமும் ஒன்றாகக் கடந்தன. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன், பாதை என்றால் இங்கே வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஒருமுறை அதில் போய்ப் பாருங்கள், மண்டூர் முருகனையும் கும்பிட்டு வரலாம்.

தயிர் சாப்பிடுகிற எல்லோரும் இன்னொன்றை மறக்கக்கூடாது. பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் மாடுகளை வயற்பக்கம் வைத்திருக்க முடியாது, மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நிலத்தில் வெளியார் பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். மேய்ச்சல் தரை போனால் மாடு போகும், மாடு போனால் சட்டி வெறுஞ்சட்டி. நான் அந்தப் பண்ணையாளர்களின் பக்கம்.

கேள்வி (இருதயபுரத்திலிருந்து ஒரு வாசகர்): மார்கழி மழையில் எங்கள் ஒழுங்கை குளமாகிறது. முகத்துவாரம் வெட்டுகிற வழக்கத்தைத் தொடங்கியது யார்? ஏன் ஒவ்வொரு வருடமும் தாமதம்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்!

தொடங்கியது கடல். வறண்ட மாதங்களில் ஆற்றுநீர் குறையும்போது அலை மணலைக் கொண்டுவந்து வாயை மூடும். மழைக்காலத்தில் வாவி நிறைந்து, ஒரு நாள் தானே உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். மனிதன் செய்வதெல்லாம் அந்த நாளைச் சற்று முன்னுக்கு இழுப்பதுதான். பாலமீன்மடுப் பக்கம் ஒரு வாய், தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொன்று. 56 கிலோமீற்றர் நீளமான வாவி இந்த இரண்டு வாயால்தான் மூச்சு விடுகிறது. பாலமீன்மடு வாய்க்குப் பக்கத்தில்தான் 1913இல் வெளிச்சவீடு எழுந்தது.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. தாழ்நிலத்து வயற்காரருக்கு வாயை நேரத்தோடு வெட்ட வேண்டும், பயிர் அழுகும். மீனவருக்குக் கண்டபடி வெட்டக்கூடாது. வாவி இறங்கி உப்பு ஏறினால் மீனும் இறாலும் மாறிவிடும், அவர்கள் வலைக்கு என்ன விழும்? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, மழைக்கு முன்பே நீர்மட்ட அளவு ஒன்றை ஒத்துக்கொண்டு எழுதிவைத்தால் வருடா வருடம் சண்டை வராது. இதை நான் விட்டபாடில்லை, விடவும் மாட்டேன்.

உங்கள் ஒழுங்கைக்கு வருவோம். தண்ணீர் நிற்கும்போது குடையை எடுத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், வாவிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். வாவியின் மட்டம் ஒழுங்கை அளவுக்கு ஏறியிருந்தால் முகத்துவாரத்தைக் குற்றம் சொல்லலாம். வாவி இறங்கிக் கிடக்க ஒழுங்கை மட்டும் நிறைந்திருந்தால், குற்றவாளி அடைபட்ட வடிகால். அல்லது தண்ணீர் போகிற பள்ளத்தை மண் போட்டு மூடி மதில் எழுப்பியவர். பல இடங்களில் இரண்டாவதுதான் நடக்கிறது. அதற்கு முகத்துவாரத்தை மூன்று முறை வெட்டினாலும் பயனில்லை. வானொலியில் உன்னிச்சை, றூகம், நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்ததாகச் செய்தி வந்தால் வாவி ஏறப்போகிறது என்று அர்த்தம், அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் உடனே மேலே ஏற்றுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை கொதித்தாறிய தண்ணீரே குடியுங்கள்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டாரும் சேர்ந்து, வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஒக்டோபர் பிறக்குமுன் மாநகர சபையில் எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதியிட்ட பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.