நாய் எதையாவது முழுங்கிட்டா: முதல் பத்து நிமிஷத்துக்கு அக்கா சொல்றது

சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்துல, பட்டாசு வேலைக்கு நடுவுல நாய் வளர்க்கிறோம்னா, மத்த ஊர்க்காரங்களுக்குத் தேவைப்படாத சில விஷயங்களை நாம தெரிஞ்சு வச்சிருக்கணும். வாசல்ல பேப்பர் குழாய் காயும். திண்ணையில பசை வாளி இருக்கும். தெரு முக்குல கழிவுப் பேப்பர் மூட்டை கிடக்கும். தீபாவளி முடிஞ்ச பிறகும் ஓடையோரம் வரைக்கும் வெடிக்காத வெடி சிதறிக் கிடக்கும். நாய்க்குக் கை கிடையாது. எதையும் வாயில வச்சுப் பார்த்துத்தான் அது தெரிஞ்சுக்கும்.

தங்கச்சி, நல்லா இருக்கிற நாளிலேயே இதை ஒரு தடவை நிதானமா படிச்சு வச்சுக்கோ. நாய் வாயில நுரை தள்ளும்போது படிக்க நேரம் இருக்காது. நாய்களைக் கொல்றது விஷம் மட்டுமில்லை, நாம கொடுக்கிற கைவைத்தியமும் “காலையில பார்த்துக்கலாம்”ங்கிற எண்ணமும் சேர்ந்து கொல்லுது. இதை வருத்தத்தோடதான் சொல்றேன்.

உடனே செய்ய வேண்டிய அஞ்சு

1. துரத்தாதே. வாயில ஏதோ கவ்வியிருக்கிற நாயைச் சத்தம் போட்டுத் துரத்தினா, பிடுங்கிடுவோம்னு பயந்து அவசரமா முழுங்கிடும். கொஞ்சம் கறித்துண்டோ பிஸ்கட்டோ காட்டி, கீழே போட வை. வெடிக்காத வெடியைக் கவ்வியிருந்தா இழுபறியே வேண்டாம்; அந்த அழுத்தமும் உரசலும் ஆபத்து.

2. முழுங்கிட்டா, மிச்சம் இருக்கிற இடத்தை விட்டு நாயைத் தள்ளிக் கட்டு. வீட்டுல இன்னொரு நாய், பூனை இருந்தா அதையும் பிடிச்சுக் கட்டு.

3. மிச்சத்தை எடுத்து வை. கடிச்ச பாக்கெட், மூடி, டியூப், சிதறின மருந்து எதுவா இருந்தாலும் கையில உறை மாட்டி ஒரு கவர்ல போடு. வாந்தி எடுத்திருந்தா அதையும் போட்டோ எடுத்துக்கோ.

4. மணியைப் பார். எப்போ தின்னுச்சு, ஏறத்தாழ எவ்வளவு, நாய் எத்தனை கிலோ. இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுது. பதற்றத்துல எல்லாம் மறந்துபோகும்.

5. டாக்டருக்குப் போன் போட்டுட்டே கிளம்பு. முழுங்கி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனாத்தான், ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ண முடியும். அந்த நேரம் தாண்டினா விஷம் குடலுக்கு இறங்கிடும்.

செய்யவே கூடாதது

உப்புக் கரைசல் ஊத்தாதே. உப்பு நிறைய உள்ள போனா ரத்தத்துல உப்பு ஏறி, வலிப்பு வந்தே நாய் செத்துப்போகலாம். புளித்தண்ணி, சோப்புத் தண்ணி, சாணிக் கரைசல் எதுவும் வேண்டாம். மயங்கிக் கிடக்கிற நாய் வாயில தண்ணிகூட ஊத்தாதே. அது நுரையீரலுக்குப் போயிடும். அடுப்புக்கரியை இடிச்சுக் கொடுக்கிறவங்க இருக்காங்க. டாக்டர் கொடுக்கிற கரி தனியாத் தயாரிச்சது. அதுவும் எல்லா விஷத்துக்கும் வேலை செய்யாது.

கூர்மையான பொருள், மண்ணெண்ணெய், தின்னர், ஆசிட் முழுங்கியிருந்தா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போன வழியெல்லாம் ரெண்டாவது தடவையும் கிழியும், இல்லைன்னா வேகும். மண்ணெண்ணெய் நுரையீரல்ல இறங்கும்.

நம்ம ஊர்ப் பொருள் ஒவ்வொண்ணும் என்ன செய்யும்

பட்டாசு மருந்து: வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் சேர்ந்து வயித்தைப் புண்ணாக்கும். வாந்தி, எச்சில் ஒழுகுறது, ரத்தம் கலந்த பேதி வரும். பெரிய பயம் பேரியம் நைட்ரேட். பச்சை வெளிச்சத்துக்காகப் போடுறது அது. 2018-ல உச்ச நீதிமன்றம் பட்டாசுல பேரியம் உப்பு கூடாதுன்னு தடை போட்டது. ஆனா பழைய சரக்கும் பழைய கழிவும் எங்கேயாவது இருக்கலாம். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேக்குக் குடிக்கக் கொடுக்கிற பேரியம் சல்பேட் தண்ணியில கரையாது, அதனால உடம்பை ஒண்ணும் பண்ணாது. பேரியம் நைட்ரேட் கரையும். கரைஞ்சு ரத்தத்துக்குப் போனா, ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தைக் குறைச்சு விட்டுடும். பின்னங்கால் துவளும், தசை துடிக்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். நேரத்துக்குப் போனா, அதைக் கரையாத உப்பா மாத்துற மருந்தும், பொட்டாசியம் ஏத்துற சிகிச்சையும் இருக்கு. “பசுமைப் பட்டாசு தானே”ன்னு விட்டுடாதே. அது புகையைக் குறைக்கச் செஞ்சது. தின்னத் தகுந்ததா ஆக்கச் செஞ்சதில்லை.

மத்தாப்புக் கம்பி வாளி: இதை யாரும் யோசிக்கிறதில்லை. பிள்ளைங்க கால்ல மிதிச்சுடக்கூடாதுன்னு எரிஞ்ச கம்பியை எல்லாம் ஒரு வாளித் தண்ணியில போடுறோம், நல்ல பழக்கம்தான். ஆனா அந்த வாளி ராத்திரி முழுக்க வாசல்லயே கிடக்கும். பாதி எரிஞ்ச கம்பியில ஒட்டியிருக்கிற சாம்பல் நிற மருந்து உதிர்ந்து, தண்ணி கலங்கி, மேலே படலம் படிஞ்சிருக்கும். வெடிச் சத்தத்துல மிரண்டு, மூச்சு வாங்கிக்கிட்டு வர்ற நாய்க்குத் தாகம். அந்த வாளியில தலையை விட்டு மடமடன்னு குடிச்சிடும். வாளியை மூடியோட வை. பக்கத்துலயே நல்ல தண்ணி ஒரு சட்டி வை.

தீக்குச்சி: மருந்துத் தலையில இருக்கிறது பொட்டாசியம் குளோரேட். பெட்டியோட பக்கவாட்டுல இருக்கிற சிவப்பு பாஸ்பரஸ் அவ்வளவா விஷமில்லை. ஒண்ணு ரெண்டு குச்சியைக் கடிச்சதுக்குப் பயப்பட வேண்டாம். பண்டலையே கடிச்சுத் தின்னிருந்தா விஷயம் வேற. குளோரேட் ரத்தத்தைக் கெடுத்து, மூச்சுக்காத்தைச் சுமக்க விடாமப் பண்ணிடும். ஈறைப் பார்த்தாத் தெரியும். மேலுதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால அழுத்தி விடு. வெளுத்த இடம் ரெண்டு விநாடிக்குள்ள பழையபடி இளஞ்சிவப்பாகணும். ஈறு காப்பிப்பொடி நிறத்துல இருந்தாலோ, நீலம் பாய்ஞ்சிருந்தாலோ, வெளிறியே நின்னாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதே. நாய் நல்லா இருக்கும்போதே ஒரு தடவை பார்த்து வச்சுக்கோ. சில நாய்க்கு ஈறு இயல்பாவே கறுப்பு.

பசை: மைதா வாசனைக்கு நாய் வரும். பூச்சி அரிக்காம இருக்கப் பசையில மயில்துத்தம் கலக்கிறது உண்டு. நீலப்பச்சையா வாந்தி எடுத்தா மயில்துத்தத்தைச் சந்தேகப்படு, அதைச் சொல்லியே டாக்டர்கிட்ட காட்டு. பசை வாளியைத் தரையில வைக்காதே, கொக்கியில மாட்டு.

கேலண்டர் தகரம், பின், நூல், கம்பி: தின்ன பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, மலம் வராம இருக்கிறது, முதுகைக் கூனி நிக்கிறது, முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி நிக்கிறது இதெல்லாம் குடல் அடைப்போட அறிகுறி. வாயிலயோ ஆசனவாயிலயோ நூல் தொங்கினா இழுக்காதே. உள்ளே அது குடலைச் சுருக்கிக் கட்டியிருக்கும், இழுத்தா அறுத்துடும். மக்காச்சோளக் கட்டை, மாங்கொட்டை, எலும்பு இதுக்கெல்லாம் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்க்கணும்.

அவுட்டுக்காய்: காட்டுப்பன்றிக்குத் தின்பண்டத்துக்குள்ள வெடிமருந்தைத் திணிச்சு வைக்கிறாங்களே, அது. 2020 மே மாசம் பாலக்காட்டுப் பக்கம் கர்ப்பமா இருந்த யானை ஒண்ணு இப்படித்தான் வாய் சிதைஞ்சு செத்துப்போனது. நாய் கடிச்சாலும் தாடை போயிடும். அப்படி நடந்தா வாயைக் கட்டாதே, தண்ணி கொடுக்காதே. சுத்தமான துணியை லேசா வச்சு அழுத்தி, ரத்தம் மூச்சுக்குழாய்க்குப் போகாதபடி தலையைத் தாழ்த்திப் படுக்க வச்சுக் கொண்டு போ. காட்டுப்பக்கம் கூட்டிப் போறப்போ நாயை அவிழ்த்து விடாதே.

எலி மருந்துல மூணு வகை, மூணும் வேற வேற

“எலி மருந்து தின்னுடுச்சு”ன்னு மட்டும் சொன்னாப் போதாது. எதுன்னு தெரியணும்.

கேக் மாதிரி, மெழுகு மாதிரி இருக்கிறது ரத்தத்தை உறைய விடாமப் பண்ணும். நாய் ரெண்டு மூணு நாள் வாலாட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் ஈறுல, மூக்குல, உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். வைட்டமின் கே கொடுத்தா பிழைக்கும். ஆனா வாரக்கணக்குல கொடுக்கணும். நல்லாயிட்டான்னு பாதியில நிறுத்தக்கூடாது.

டியூப்ல வர்ற பேஸ்ட், மஞ்சள் பாஸ்பரஸ். வாந்தியில பூண்டு வாசனை வரும். முதல் நாள் வாந்திக்குப் பிறகு நாய் தேறின மாதிரி தெரியும், அதுக்கப்புறம் கல்லீரல் போகும். தேறிடுச்சுன்னு வீட்டுக்குத் திரும்பாதே. இதுக்குப் பால், முட்டை, எண்ணெய் கொடுத்தா விஷம் இன்னும் வேகமா உடம்புல ஏறும். பால் குடிச்சா விஷம் முறியும்னு நம்புற நமக்கு இது முக்கியமான விஷயம்.

வயலுக்கு வைக்கிற சாம்பல் நிறப் பொடி, துத்தநாக பாஸ்பைடு. வயித்துல புளிப்பு பட்டதும் விஷவாயுவாகும். சோறு போட்டா புளிப்பு அதிகமா சுரக்கும், அதனால எதுவும் ஊட்டாதே. நாய் வாந்தி எடுத்தா அந்த வாயு உனக்கும் ஆபத்து. கார்ல போனா கண்ணாடியை இறக்கிடு.

பூச்சிமருந்து பட்ட நாய்க்கு எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையா சுருங்கும், உடம்பு நடுங்கும். இதுக்கு ஊசி மருந்து உண்டு. உரோமத்துல பட்டிருந்தா, அது நக்குறதுக்கு முன்னாடி கையுறை மாட்டிச் சோப்புப் போட்டுக் கழுவு.

அடுப்படியிலயும் கைப்பையிலயும்

பாயாசத்துல போடுற உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். அதனால சால்னா ஊத்தின புரோட்டா மிச்சத்தையும் காராச்சேவையும் போடாதே. கறுப்பு சாக்லேட் இதயத்தைப் பாதிக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல இருக்கிற சைலிட்டால் ரத்தச் சர்க்கரையைத் திடீர்னு இறக்கிடும். நாம போடுற காய்ச்சல் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை எதையும் நாய்க்கு நீயா கொடுக்காதே. பட்டன் பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயை வேக வச்சிடும்.

தொண்டையில அடைச்சா

வாயைக் காலால பிராண்டும், மூச்சு கீச்சிடும், நாக்கு நீலமாகும். வாயைத் திறந்து பார், பொருள் கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் எடு. தெரியாம விரலை விட்டுத் துழாவினா இன்னும் உள்ளே போகும், கடியும் படும். சின்ன நாயைத் தலைகீழாப் பிடிச்சுத் தோள்பட்டைக்கு நடுவுல தட்டு. பெரிய நாயைப் பின்னாடி நின்னு கட்டி, விலாவுக்குக் கீழே முஷ்டியை வச்சு உள்ளேயும் முன்னாடியுமா வேகமா அழுத்து. வெளியே வந்துட்டாலும் டாக்டர்கிட்ட காட்டு.

டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதே

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். “பட்டாசு மருந்து வீட்டுக்கு எப்படி வந்துச்சு”ன்னு கேட்டுடுவாங்களோன்னு பயந்து, “ஏதோ கெட்டுப்போனதைத் தின்னுடுச்சு”ன்னு மழுப்புறவங்க நம்ம பக்கம் இருக்காங்க. அப்படிச் சொன்னா டாக்டர் வயித்துப்போக்குக்கு வைத்தியம் பார்ப்பார். நாய்க்குள்ள பேரியம் இதயத்தைப் பிடிச்சிருக்கும். அவர் கேட்கிறது என்ன மருந்து போடணும்னு தெரிஞ்சுக்கத்தான். பச்சை மருந்தா, வெள்ளி மருந்தா, திரியா, கழிவா, உள்ளதை அப்படியே சொல்லு.

ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்னா அதையும் சொல்லு. உடம்புல கொழுப்பே இல்லாத வேட்டை நாய்களுக்குச் சில மயக்கமருந்து சீக்கிரம் தெளியாது. ஊசி போடுறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியணும்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

சிவகாசி அரசு கால்நடை மருத்துவமனை, ஞாயித்துக்கிழமையும் ராத்திரியும் போன் எடுக்கிற ஒரு தனியார் டாக்டர் ரெண்டு நம்பரையும் எழுதி அலமாரிக் கதவுக்குள்ள ஒட்டு. கால்நடைத் துறையோட உதவி எண் 1962. பெரிய சிகிச்சைன்னா திருநெல்வேலி இராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. ரெண்டு மணி நேரப் பயணம், அதனால முதல் ஊசியை இங்கேயே போட்டுட்டுப் போ.

நாய்க்கு “விடு”ங்கிற சொல்லைக் குட்டியிலேயே பழக்கு. வெள்ளை ராஜபாளையத்துல பிறவியிலேயே காது கேட்காததும் உண்டு. அதுக்குக் கையசைவுல பழக்கு.

தீபாவளிக்கு மறுநாள் காலையில வாசலைக் கூட்டி, குப்பையை நனைச்சு, மூட்டை கட்டின பிறகே நாயை அவிழ்த்து விடு. வேலை முடிஞ்சு வந்தா, கை கால் கழுவித் துணி மாத்தின பிறகு நாயைக் கொஞ்சு. உன் சேலையில ஒட்டியிருக்கிற மருந்துப்பொடியைத்தான் அது நக்குது. அந்தக் கழுவல் உன் பிள்ளைங்களுக்கும் நல்லது, உனக்கும் நல்லது.