பயிற்றுவிக்கப் போனவன் கற்ற பாடம்



நம் மன்ற இதழில் இலக்கியக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. விளையாட்டைப் பற்றி எழுதுவோர்தாம் அரியர். அக்குறையைச் சிறிதளவேனும் போக்கும் எண்ணத்துடன் இதனை எழுதுகிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் அல்லன். ஆயினும், சிறுவர்க்குக் கால்பந்து பழக்கப் போய், அங்கே ஒரு பிழை செய்து, அதனால் சில உண்மைகளைக் கற்றவன். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம்மில் பலர் தெருப் பிள்ளைகளைக் கூட்டிப் பந்தாடக் கற்றுக்கொடுக்கிறோம். அவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் செய்த பிழை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு வரும். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடப்போர் புறப்படும் இடம் அதுவே. ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த தேயிலைத் தோட்டம் அங்கே உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்குள்ள லயங்களில் வாழ்ந்து வந்தன. பின்னர்த் தோட்டம் நலிந்தது, தொழிற்சாலை ஓய்ந்தது, பலர் மலையிறங்கினர். எஞ்சியோருள் என் தாய்மாமன் குடும்பமும் ஒன்று.

சென்ற கோடை விடுமுறையில் அங்கே தங்கினேன். லயங்களுக்கு அருகில் சிறிது சமமான நிலம் இருக்கிறது. மாலையில் பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஏழு வயதுச் சிறுமி முதல் பதினான்கு வயதுப் பையன் வரை இருந்தார்கள். கையில் ஒரு விசில், ஒரு பந்து. நான் பள்ளியில் பட்ட பயிற்சியையே அவர்களுக்கும் கொடுத்தேன். தாமதமாக வந்தால் மேட்டுப் பாதையில் மூன்று சுற்று ஓட்டம். பந்தைத் தவறவிட்டால் இன்னும் ஒரு சுற்று.

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். அவ்வாண்டில்தான் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தான். ஒருநாள், "அண்ணே, முட்டுக்குக் கீழே வலிக்குது" என்றான். "ஓடினா சரியாப் போயிடும்" என்றேன். ஓடினான். நான்கு நாள் கழித்து அவன் வரவில்லை. அவன் தாய் வந்தார். "தம்பி, புள்ள படியேற முடியாம கெடக்கான். உங்ககிட்டச் சொன்னா திட்டுவீங்கன்னு பேசாம இருந்துட்டான்" என்றார்.

அவர் என்னைக் கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கீழே மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் சென்றோம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தொடையின் முன்புறத் தசை, முழங்கால் சில்லு வழியாக வந்து, கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியில் ஒரு மேட்டில் பற்றிக்கொள்கிறது. வளரும் பருவத்தில் அந்த மேடு முற்றிய எலும்பாக இராது, குருத்தெலும்பாகவே இருக்கும். எலும்பு விரைந்து நீளும் காலத்தில் ஓட்டமும் குதிப்பும் மிகுந்தால், தசை அதனை ஓயாமல் இழுக்கும், வீங்கும், வலிக்கும். ஓட்டத்தைக் குறைத்துப் பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானே தணியும். வலியோடு ஓடவைத்தால் நீடிக்கும். நான் ஓடவைத்தேன்.

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று அறிந்தபின் தணிக்கும் வழி காண வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்குக் காட்டிய நெறி. பயிற்றுவோனுக்கும் அது பொருந்தும். நான் காரணம் அறியாமல் மருந்து சொன்னவன். அன்றிரவு முதல் படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன். கற்றவற்றுள் இன்றியமையாதவற்றைக் கீழே தருகிறேன்.

ஒன்று: பிள்ளை சிற்றுருவப் பெரியவன் அல்லன்

ஒரே வயதுடைய இரு பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள். ஒருவன் வளர்ந்திருப்பான், மற்றவன் வளரத் தொடங்கியே இருக்கமாட்டான். இன்று வலிமையால் வெல்பவனே திறமையுடையவன் என்று மயங்குவது எளிது. ஈராண்டு கழித்து நிலைமை மாறிவிடலாம். ஆதலின், பன்னிரண்டு வயதிலேயே "நீ தேறமாட்டாய்" என்று எவனையும் ஒதுக்குதல் தகாது. வலி என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். வலியைச் சொல்ல அஞ்சும் திடலில் பயிற்சி நடைபெறவில்லை, அச்சமே நடைபெறுகிறது.

இரண்டு: வரிசை வேண்டா, பந்து வேண்டும்

என் முதல் வாரப் பயிற்சியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பத்தொன்பது பேர் வரிசையில் நிற்க, ஒரு பந்து. ஒருவர்க்கு அரை நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்பதரை நிமிடம். நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு முறையே வாய்ப்பு! மற்ற நேரமெல்லாம் நின்றதுதான். நின்று கற்கும் கலை கால்பந்து அன்று.

நண்பர்கள் சிலர் பணம் சேர்த்தோம். மேலும் நான்கு பந்துகள் வாங்கினோம். பக்கத்துக்கு நால்வராகப் பிரித்துச் சிறு திடல்களில் ஆடவிட்டேன். உலகெங்கும் சிறுவர்க்கு இம்முறையே கையாளப்படுகிறது. ஆட்டக்காரர் குறைந்தால் ஒவ்வொருவரும் பந்தைத் தொடுவது மிகும். எங்கே தருவது, எப்போது தருவது என்று எண்ணும் வாய்ப்பும் மிகும். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடும் பெருந்திடல் பின்னர் வரட்டும்.

பந்தின் அளவும் முக்கியம். பெரியோர் ஆடும் ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை உடையது. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எட்டு வயதுக்கு உட்பட்டவர்க்கு மூன்றாம் எண்ணும், ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்காம் எண்ணும் ஏற்றவை. சிறிய காலுக்குப் பெரிய பந்தைக் கொடுத்துவிட்டு, "உதைக்கத் தெரியவில்லை" என்று குறை கூறுவது முறையாகுமா?

மூன்று: உடலைக் காத்தல்

ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் உடலைப் பக்குவப்படுத்த வேண்டும். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆதரவில், ஏழு முதல் பதின்மூன்று வயது வரையுள்ளோர்க்கென ஒரு பயிற்சித் தொகுதி வகுக்கப்பட்டது. ஒற்றைக்காலில் நிற்றல், தாவி மெல்ல இறங்குதல், விழும்போது உருளுதல் போன்றவை அதில் உள்ளன. ஐரோப்பிய நாடுகள் நான்கில் ஆராய்ந்தபோது, இதனைச் செய்த சிறுவரிடையே காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என 2018 இல் வெளியான முடிவுகள் காட்டின. இதற்குக் கருவி எதுவும் வேண்டா.

தலையால் முட்டுதலைப் பற்றியும் ஒரு சொல். கிளாஸ்கோப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019 இல் வந்தது. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நலிவு நோய்களால் இறப்பது, மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி என்று அது கண்டது. 2020 இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கங்கள் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் தலைமுட்டல் வேண்டா என்று நெறி வகுத்தன. நாமும் அதனைப் பின்பற்றலாம்.

மலையில் கோடைப் பிற்பகலில் இடி முழங்கும். முழக்கம் கேட்டால் திடலை விட்டுக் கட்டடத்துக்குள் செல்க. கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே திரும்புக. மரத்தடி புகலிடம் அன்று.

நான்கு: சொல்லும் முறை

இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய ஐதராபாத்து எஸ். ஏ. ரகீம் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பயிற்சியில் நம் நாடு 1951 இலும் 1962 இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. அவர் இளைஞர்க்கு வலுக்குறைந்த காலால் மட்டுமே ஆடும் போட்டிகளை நடத்தினார். "இடக்காலால் உதையடா" என்று நூறு முறை கத்துவதற்கு மாறாக, இடக்காலை நாடவேண்டிய ஆட்டத்தையே அமைத்துவிட்டார்! ஆசிரியர் மனம் என்பது அதுதான். சூழலை அமைத்தால் பிள்ளை தானே கற்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது 1973 இல். எறணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில் இரயில்வே அணியை 3–2 என வென்றது. தலைவர் மணி மூன்று பந்துகளையும் அடித்தார். அவ்வணியைப் பயிற்றுவித்தவர் 1960 உரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழர் சைமன் சுந்தரராஜ். மொழி எல்லை திடலில் மறைந்துவிடுகிறது.

நான் விசிலைக் குறைத்தேன். தவறு கண்டவுடன் ஆட்டத்தை நிறுத்துவதை விட்டேன். ஆட்டம் ஓய்ந்தபின், "அங்கே வேறென்ன செய்திருக்கலாம்?" என்று கேட்டேன். பிள்ளைகள் சொன்ன விடைகள் பல என் விடையைவிட நன்றாக இருந்தன. ஓட்டத்தைத் தண்டனையாக்குவதையும் அறவே விட்டேன். ஓட்டத்தை விரும்ப வேண்டிய பிள்ளைக்கு அதையே தண்டனையாகக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

ஐந்து: பொறுப்பு

பெற்றோர் இசைவு பெறுக. தனியொரு பிள்ளையோடு மறைவில் பயிற்சி வேண்டா. எப்போதும் இன்னொரு பெரியவர் காணும்படி இருக்கட்டும். சிறாரைப் பாதுகாக்க 2012 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதனை அறிந்திருத்தல் நம் கடமை. சிறுமியர்க்கும் சமமான இடம் தருக. முறையாகக் கற்க விழைவோர்க்கு அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமங்கள் உள்ளன. டி, சி, பி, ஏ எனப் படிப்படியாக ஏறலாம்.

முடிவாக

அப்பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் அவன் திடலோரத்தில் உட்கார்ந்திருந்தான். சும்மா இருக்கவிடாமல், யார் எத்தனை முறை பந்தைத் தோழனுக்குத் தருகிறார்கள் என்று குறிக்கச் சொன்னேன். நான் ஊர் திரும்பும் முன்னாள் மாலை, குறிப்பேட்டைக் காட்டி, "அண்ணே, பெரிய பசங்க அந்தப் பாப்பாவுக்குப் பந்தே குடுக்கல" என்றான். பார்த்தேன், ஏழு வயதுச் சிறுமியின் பெயருக்கு நேரே வெறுமை. இரண்டு வாரமாக நான் காணாததை அவன் கண்டிருந்தான்.

இப்போது வலி தணிந்து மெல்ல ஆடுகிறான் என்று மாமா சொன்னார். ஆட்டம் முடிந்ததும் சிறியவர்களைக் கூட்டி உட்காரவைத்து, "யாருக்காவது வலிக்குதா?" என்று கேட்கிறானாம். நான் கேட்க மறந்த கேள்வி அது.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு பந்தோடு செல்லுங்கள். அதனோடு அந்தக் கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள்.